ஷ்ரெக் கிழித்த பக்கம்: ஓர் அனிமேஷன் படத்தைப் பின்நவீனத்துவப் பார்வையில் படிக்க முழுமையான வழிகாட்டி

‘ஷ்ரெக்’ படம் ஒரு புத்தகத்தோடு தொடங்குகிறது. தங்க ஓரம் போட்ட பழைய கதைப்புத்தகம், பின்னணியில் மெல்லிய இசை, வாசிக்கும் ஒரு குரல். சாபத்துக்கு ஆளான இளவரசி, அவளைப் பூட்டிவைத்த கோட்டை, காவலுக்கு நெருப்பு கக்கும் டிராகன், மீட்கப் போய்த் தோற்ற வீரர்கள், கடைசியில் உண்மைக் காதலின் முதல் முத்தம். நமக்கெல்லாம் மனப்பாடமான கதைதான். முத்தம் வரை வந்ததும் ஒரு பச்சைக் கை பக்கத்தை டர்ரென்று கிழிக்கிறது. இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தவன் ஷ்ரெக் என்ற அந்தப் பச்சை அரக்கன். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சிரிக்கிறான். அவன் உட்கார்ந்திருப்பது கழிப்பறையில். கிழித்த பக்கம் எதற்குப் பயன்பட்டது என்பதைத் தண்ணீர் ஊற்றும் சத்தமே சொல்லிவிடுகிறது.

பின்நவீனத்துவம் (எல்லாவற்றையும் விளக்கிவிடும் பெரிய கதைகளைச் சந்தேகத்தோடு பார்க்கும் சிந்தனைப் போக்கு) பற்றி இருபது பக்கம் படித்தும் பிடிபடாத ஒரு விஷயம் இந்த ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அதனாலேயே ஊடகவியல், ஆங்கில இலக்கிய மாணவர்கள் கட்டுரை எழுத இந்தப் படத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நான் படித்த கட்டுரைகளில் முக்கால்வாசி பட்டியலாகவே முடிந்துபோயின. இந்தக் காட்சி அந்தப் படத்திலிருந்து, அந்தக் காட்சி இந்தக் கதையிலிருந்து, ஆகவே இது பின்நவீனத்துவப் படம். அந்த ‘ஆகவே’யில்தான் எல்லாமே கோட்டைவிடப்படுகிறது. பழைய கதையை எடுத்தாள்வது கம்பன் காலத்திலும் இருந்தது. எடுத்தாண்டபின் அந்தப் பழைய கதைக்கு என்ன ஆகிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகப்போகிறது.

படி 1: பேனா இல்லாமல் ஒருமுறை பாருங்கள்

முதல் தடவை குறிப்பெடுக்க வேண்டாம். மொத்தமே 90 நிமிடப் படம். முடிந்தால் வீட்டில் இருக்கும் ஒரு பொடிசைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். நான் என் அக்கா மகனோடு பார்த்தேன். அப்போது அவனுக்கு ஏழு வயது. அவன் எங்கே சிரிக்கிறான், நான் எங்கே சிரிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்குக் கிடைத்த முதல் குறிப்பு.

இளவரசி ஃபியோனா காட்டில் பாடுகிறாள். ஒரு நீலக்குருவி அவளோடு சேர்ந்து பாடுகிறது. சுருதி ஏறிக்கொண்டே போகிறது, குருவியின் நெஞ்சு பலூனாக வீங்குகிறது, பிறகு ஒரே வெடி. பையன் சோபாவிலிருந்து உருண்டுவிட்டான். அடுத்த காட்சியில் அந்தக் குருவியின் முட்டைகள் சூடான கல்லில் பொரிந்துகொண்டிருக்கின்றன. இப்போது நான் சிரித்தேன், அவன் “ஐயோ பாவம் மாமா” என்றான். வில்லன் ஃபார்குவாட் பிரபுவின் ஊரான டியூலாக்கில், கோட்டையின் உயரத்தைப் பார்த்து ஷ்ரெக் அடிக்கும் கமென்ட் அவனுக்குப் புரியவில்லை. நல்லவேளை, விளக்கமும் கேட்கவில்லை.

ஒரே காட்சி இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசுகிறது. குடும்பத்தோடு பார்க்கும் படங்களில் இதை இரட்டை விளிப்பு என்கிறோம். டிக்கெட் வாங்கித் தருகிற பெரியவருக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்ற வியாபாரக் கணக்கு இதில் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை, கட்டுரையில் நேராகவே எழுதலாம்.

படி 2: நான்கே நான்கு சொற்கள்

1990களில் தமிழ்ச் சிற்றிதழ்களில் பின்நவீனத்துவம் பெரும் வாக்குவாதமாக ஓடியது. அதன் பலனாகச் சொற்களுக்கு நமக்குப் பஞ்சமில்லை. ஆபத்தும் அதில்தான். எல்லாச் சொற்களையும் கொண்டுவந்து கொட்டினால் படம் அடியில் புதைந்துவிடும். நான்கு போதும்.

பெருங்கதையாடல். எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் அடக்கி விளக்கிவிடும் கதை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் லியோத்தார் 1979இல் வெளியிட்ட நூலில், இத்தகைய கதைகள் மீதான அவநம்பிக்கைதான் பின்நவீன நிலை என்றார். அவர் மனதில் இருந்தவை விடுதலை, முன்னேற்றம், அறிவு போன்ற பெரிய சமாச்சாரங்கள். தேவதைக் கதை அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் ‘அழகு நல்லதோடு சேரும், காதல் எல்லாவற்றையும் சரிசெய்யும்’ என்று மூன்று வயதிலிருந்தே நம் காதில் ஓதப்படும் கதை அது.

பகடி, பாஸ்டிஷ். இரண்டையும் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். இலக்கியக் கோட்பாட்டாளர் லிண்டா ஹட்சன் பகடியை விமர்சன இடைவெளியோடு திரும்பச் செய்வது என்கிறார். அமெரிக்க விமர்சகர் ஃபிரெட்ரிக் ஜேம்சன் பாஸ்டிஷை வெற்றுப் பகடி என்கிறார். அதில் வேஷம் இருக்கும், குத்தல் இருக்காது.

மீபுனைவு. கதை தான் கதைதான் என்று காட்டிக்கொள்வது.

போலிநகல். மூலமே இல்லாத நகல். இது பிரெஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியாருடைய சொல். டியூலாக் வரும்போது எடுத்துக்கொள்வோம்.

படி 3: மூன்று பத்திக் குறிப்பேடு

இரண்டாவது தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நோட்டுப் பக்கத்தில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் திரையில் நடப்பது, இரண்டாவதில் அது எதை நினைவூட்டுகிறது, மூன்றாவதில் நினைவூட்டப்பட்டதற்கு என்ன ஆகிறது.

இரண்டாவது பத்தி தானாகவே நிரம்பும். மூன்று குருட்டு எலிகள், பாட்டியின் இரவு உடையில் ஓநாய், ஷ்ரெக்கின் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைக்கப்படும் ஸ்னோ ஒயிட்டின் கண்ணாடிப் பெட்டி, மூன்று பன்றிக்குட்டிகள், காசுக்கு விற்கப்படும் பினோக்கியோ. இதில் பாதி நமக்கு ஆங்கில மீடியம் ரைம்ஸ் வழியாக வந்தவை. ஜிஞ்சர்பிரெட் மனிதனைக் கட்டிவைத்து விசாரிக்கும் காட்சியில் ‘மஃபின் மேன்’ பாட்டு தெரியாதவருக்குப் பாதிச் சிரிப்புதான் வரும். உங்களுக்குப் பிடிபடாத குறிப்பையும் எழுதிவையுங்கள். யாருக்கு எது புரியாமல் போகிறது என்பதும் ஆய்வுக்கு உரியதே.

மூன்றாவது பத்திதான் உங்களைத் திணறடிக்கும். ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

காட்டில் ராபின் ஹூட் ஆட்டமும் பாட்டுமாக வந்து ஃபியோனாவை ‘மீட்கிறான்’. அவள் அவனை ஓர் உதை விடுகிறாள். அடுத்து அவன் ஆட்கள் பாய்கிறார்கள். அவள் எகிறுகிறாள், அந்தரத்தில் அப்படியே உறைந்து நிற்கிறாள், கேமரா அவளைச் சுற்றிவருகிறது. 1999இல் ‘தி மேட்ரிக்ஸ்’ படம் பிரபலமாக்கிய அதே உத்தி. உறைந்த அந்த நொடியில் கலைந்த தலைமுடியை நிதானமாகச் சரிசெய்துகொள்கிறாள். பிறகு இரண்டு பேர் முகத்தில் ஒரே நேரத்தில் உதை.

இதனால் ‘தி மேட்ரிக்ஸ்’ படத்துக்கு என்ன ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை. யாரும் அதைக் கேலி செய்யவில்லை. ஒரு சலாம் போட்டுவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். அந்த அளவில் இது பாஸ்டிஷ். ஆனால் அதே காட்சியில் இன்னொன்று உடைகிறது. அது ‘மீட்கப்பட வேண்டிய இளவரசி’. இப்படிச் சண்டை போடத் தெரிந்தவள் எதற்காக இத்தனை வருஷம் கோபுரத்தில் காத்திருந்தாள் என்ற கேள்வி பின்னோக்கிப் போய் முன்பு பார்த்த காட்சியையே மாற்றிவிடுகிறது. டிராகன் இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கதைப்படி யாரோ வந்துதான் மீட்க வேண்டும் என்பதால் காத்திருந்தாள். மேற்கோள் காட்டப்படுவது ஒன்று, அடிபடுவது வேறொன்று. இப்படி ஒரே காட்சியில் இரண்டையும் பிரித்துக் காட்டத் தெரிந்துவிட்டால் கட்டுரையின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

மாறாக, மந்திரக் கண்ணாடி ஃபார்குவாட் பிரபுவுக்கு மூன்று இளவரசிகளை அறிமுகப்படுத்தும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஜோடி தேடும் நிகழ்ச்சியை அச்சு அசலாக நகலெடுத்திருக்கிறார்கள். சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட், ஃபியோனா மூவருக்கும் வரிசை எண்ணும் பொழுதுபோக்குக் குறிப்பும் உண்டு. மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கத்தும் காவலாள் காட்டுவது இரண்டு விரல். இங்கே அடி இரண்டு பக்கமும் விழுகிறது. பெண்ணைப் பொருளாக வரிசையில் நிறுத்தும் டிவி நிகழ்ச்சிக்கு ஓர் அடி. இளவரசர்கள் காலங்காலமாக இதைத்தானே செய்தார்கள் என்று தேவதைக் கதைக்கு ஓர் அடி. இது முழுப் பகடி. அந்த நிகழ்ச்சியை ஒருநாளும் பார்த்திராத என் அம்மா, “பொண்ணு போட்டோ காட்டற புரோக்கர் மாதிரியே பேசறான்” என்றார். மூலம் தெரியாவிட்டாலும் அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

படி 4: பாத்திரங்கள் ஸ்கிரிப்டைப் படித்த இடங்கள்

மீபுனைவு என்றதும் கேமராவைப் பார்த்துப் பேசுவதை மட்டும் தேடாதீர்கள். அந்த உத்திக்கு வயது அதிகம். சக் ஜோன்ஸ் 1953இல் எடுத்த ‘டக் அமக்’ குறும்படத்தில், வரைகிறவரே டாஃபி டக்கை அழித்து அழித்து வெறுப்பேற்றுவார். அதற்கும் முன்னால் 1943இல் டெக்ஸ் ஏவரியின் கார்ட்டூன் ஒன்றில், சிவப்புத் தொப்பிக் குழந்தையும் ஓநாயும் பாட்டியும் இதே கதையை எத்தனை தடவை நடிப்பது என்று சண்டைக்கு வருவார்கள். நம் கூத்தில் கட்டியக்காரன் செய்யாததா? உத்தி இருப்பதாலேயே படம் பின்நவீனமாகிவிடாது.

‘ஷ்ரெக்’கில் வருவது கொஞ்சம் வேறு மாதிரி. இங்கே பாத்திரங்கள் நம்மிடம் பேசுவதில்லை. தாங்கள் எந்தக் கதைக்குள் இருக்கிறோம், அதில் அடுத்து என்ன வரவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வரிசையாகப் பாருங்கள்.

தொடக்கத்தில் தீப்பந்தங்களோடு ஊர்க்காரர்கள் ஷ்ரெக்கைப் பிடிக்க வருகிறார்கள். அவன் எச்சில் தெறிக்க உறுமுகிறான். பயந்து உறைந்து நிற்பவர்களிடம் குனிந்து, நீங்கள் ஓட வேண்டிய இடம் இதுதான் என்று காதோடு சொல்கிறான். வசனம் மறந்த நடிகருக்கு ஓரத்திலிருந்து எடுத்துக்கொடுப்பதுபோல. அரக்கன் என்பது தன் இயல்பு இல்லை, தனக்குத் தரப்பட்ட வேஷம் என்பது அவனுக்குத் தெரியும் என்பதை அந்த ஒற்றை வரி சொல்லிவிடுகிறது.

அடுத்தது கோபுரம். கூரையைப் பிய்த்துக்கொண்டு ஷ்ரெக் உள்ளே வந்து விழுந்ததும் ஃபியோனா அவசர அவசரமாகக் கட்டிலில் படுத்து, உடையை நீவி, பூங்கொத்தை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்துக் காத்திருக்கிறாள். வந்தவன் தோளைப் பிடித்து உலுக்குகிறான். இது காதல் ததும்பும் தருணமாக இருக்க வேண்டாமா, ஒரு கவிதையாவது சொல்லக் கூடாதா என்று அவள் கேட்கிறாள். டிராகனைக் கொல்லாமலேயே வந்துவிட்டான் என்று தெரிந்ததும் அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். வேலையை முறைப்படி செய்யவில்லையே! மற்ற வீரர்கள் எல்லோரும் அப்படித்தானே செய்தார்கள் என்கிறாள். ஆமாம், எரிந்து சாவதற்கு முன்னால் என்கிறான் இவன். அவன் சொன்னதற்கு அத்தாட்சியாக அங்கே எலும்புக்கூடு கிடக்கிறது.

மூன்றாவது, தேவாலயக் கதவு. ஃபார்குவாட்டுக்கும் ஃபியோனாவுக்கும் நடக்கும் கல்யாணத்தைத் தடுக்க ஷ்ரெக் உள்ளே பாயப் போகிறான். அவனோடு கூடவே திரியும் பேசும் கழுதை அவனை நிறுத்துகிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்று பாதிரியார் கேட்கும் வரை பொறுக்க வேண்டும், அப்போதுதான் நுழைய வேண்டும் என்று பாடம் நடத்துகிறது. நூறு படத்தில் பார்த்த அந்த நாடகத் தருணத்துக்காக இருவரும் காத்திருக்கிறார்கள். உள்ளே எந்தக் கட்டம் என்று பார்க்க ஷ்ரெக் கழுதையை ஜன்னல் உயரத்துக்குத் தூக்கித் தூக்கிப் போடுகிறான். அந்த வரி எப்போதோ முடிந்துவிட்டது என்று கழுதை சொன்னதும் பிடிக்காமல் விட்டுவிட்டு ஓடுகிறான். தொப்பென்று சத்தம். இந்தக் கதைச் சடங்கை எவ்வளவு கேலி செய்தாலும் அதைத் தாண்டி வேறு வழி யாருக்கும் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். படி 7இல் இங்கேதான் திரும்பி வருவோம்.

படி 5: டியூலாக்கில் ஒரு நடை

படத்தில் நிதானமாக நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஃபார்குவாட்டின் ஊருக்கு ஷ்ரெக்கும் கழுதையும் வந்து சேர்கிறார்கள். முதலில் வண்டி நிறுத்துமிடம். நிறுத்திய இடத்தை மறந்துபோகாமல் இருக்கப் பகுதிக்குப் பெயர்ப்பலகை. அப்புறம் கூட்டத்தை வளைத்து வளைத்து விடக் கயிறு கட்டிய வரிசைப் பாதை. ஆளே இல்லாத அந்தப் பாதையில், ஃபார்குவாட்டின் பெரிய தலையை மாட்டிய ஒருவன் பயத்தில் வளைந்து வளைந்தே ஓடுகிறான். ஷ்ரெக் கயிறுகளை இடித்துத் தள்ளிக்கொண்டு நேராகப் போகிறான். பிறகு சுழலும் நுழைவாயில். உள்ளே கடைகள், பளிச்சென்ற தரை, ஒரு ஈ காக்கை இல்லை. தகவல் பெட்டியின் கைப்பிடியை இழுத்தால் மரப்பொம்மைகள் வெளியே வந்து ஊர் விதிகளைப் பாட்டாகப் பாடுகின்றன. முடிந்ததும் ஒரு ஃபிளாஷ், அதிர்ந்துபோன இரண்டு முகங்களோடு ஒரு நினைவுப் புகைப்படம். கழுதைக்கு அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம்.

இது எந்த ராஜ்ஜியம்? டிஸ்னிலேண்ட்தான். அந்தப் பொம்மைப் பாட்டு, 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக உருவாகிப் பிறகு டிஸ்னிலேண்டுக்கு வந்த ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்’ சவாரியைக் குத்துகிறது. பின்கதையும் உண்டு. இந்தப் படத்தை எடுத்த டிரீம்வொர்க்ஸ் நிறுவனத்தை ஸ்பீல்பெர்க், டேவிட் கெஃபென் ஆகியோருடன் தொடங்கிய ஜெஃப்ரி கேட்ஸன்பெர்க், அதற்கு முன் டிஸ்னியின் ஸ்டூடியோ தலைவராக இருந்து 1994இல் மனக்கசப்போடு வெளியேறியவர். குள்ளமான ஃபார்குவாட் அவருடைய பழைய முதலாளியின் கேலிச்சித்திரம் என்று அப்போதே பத்திரிகைகளில் பேச்சு அடிபட்டது. சுவாரசியமான வம்புதான். ஆனால் கட்டுரையை அதில் தொங்கவிடாதீர்கள், ஒரு வரி போதும்.

பெரிய விஷயம் வேறு. போத்ரியார் 1981இல் எழுதிய நூலில் இதே டிஸ்னிலேண்டைத்தான் உதாரணமாக எடுத்தார். அது கற்பனை உலகம் என்று அடையாளம் காட்டப்படுவதே, வெளியே இருக்கும் மீதி அமெரிக்கா நிஜம் என்று நம்மை நம்பவைக்கத்தான் என்றார். அதை டியூலாக்கில் வைத்துப் பாருங்கள். ஃபார்குவாட் தன் ஊரைக் கச்சிதமான தேவதைக் கதை ராஜ்ஜியமாகக் கட்டுகிறான். அதற்காக நிஜமான தேவதைக் கதைப் பிராணிகள் எல்லோரையும் பிடித்து, ஆளுக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து, ஊரைவிட்டுத் துரத்துகிறான். அசலைத் துரத்திவிட்டு நகலை நிறுவுகிறான். அந்த அசல்களும் ஏற்கெனவே கதைகள்தான் என்பது இன்னொரு வளைவு. இந்த ஒரு பத்தியை ஒழுங்காக எழுதினாலே ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

அங்கே இன்னொரு சின்ன விஷயம். ஃபார்குவாட் பேசும்போது கைதட்டச் சொல்லிக் கூட்டத்துக்கு அட்டை காட்டுகிறார்கள், டிவி ஸ்டூடியோவில் செய்வதுபோல. மக்கள் தட்டுகிறார்கள். உணர்ச்சிகூட இங்கே உத்தரவுப்படிதான். அந்த அட்டையை மறக்காதீர்கள். க்ளைமாக்ஸில் ஷ்ரெக்கும் ஃபியோனாவும் முத்தமிடும்போது அது மறுபடி மேலே வரும், ‘ஆ…’ என்று உருகச் சொல்லி. திரையில் இருக்கும் கூட்டம் உருகுகிறது. அதே நொடியில் நாமும்தான் உருகிக்கொண்டிருக்கிறோம். யார் சொல்லி?

படி 6: பாட்டைத் தனியாகக் கேளுங்கள்

இதற்கு அரை மணி நேரம் போதும். பாட்டு வரும் இடங்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள். டிஸ்னியின் 1990களின் படங்களில் பாத்திரங்கள் தங்கள் ஆசையைத் தாங்களே பாடுவார்கள். இங்கே ஷ்ரெக்கின் சேற்றுக் குளியலுக்கு ஸ்மாஷ் மவுத்தின் ராக் பாட்டு, சோகத்துக்கு லெனர்ட் கோஹனின் ‘ஹல்லேலூயா’வை ஜான் கேல் பாடிய வடிவம். இடைக்காலக் கதைக்குக் கடையில் வாங்கிய 20ஆம் நூற்றாண்டுப் பாட்டுகள். காலக்குழப்பம் வேண்டுமென்றே செய்யப்பட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. கதைக்குள் வாய் திறந்து பாடுகிறவர்கள் யாருக்கும் நல்ல கதி இல்லை. நீலக்குருவி வெடிக்கிறது, ராபின் ஹூட் உதை வாங்குகிறான், கழுதை பாட ஆரம்பிக்கும்போதெல்லாம் ஷ்ரெக் வாயை மூடச் சொல்கிறான். யார் தொல்லையும் இல்லாமல் பாடி முடிப்பவை டியூலாக்கின் மரப்பொம்மைகள் மட்டுமே. ஆனால் கடைசி விருந்தில் கழுதை பாடுகிறது, எல்லோரும் ஆடுகிறார்கள். 90 நிமிடம் மியூசிக்கலைக் கேலி செய்த படம் மியூசிக்கலாகவே முடிகிறது.

படி 7: இப்போது படத்தையே சந்தேகியுங்கள்

பெரும்பாலான கட்டுரைகள் படத்தைப் பாராட்டிவிட்டு இங்கே நின்றுவிடும். நீங்கள் நிற்காதீர்கள்.

ஃபியோனாவுக்கு இரவானால் அரக்கியாக மாறும் சாபம். முத்தத்துக்குப் பிறகு அவள் மேலே எழும்புகிறாள். விரல்களிலிருந்து ஒளி பீறிடுகிறது, ஜன்னல்கள் நொறுங்குகின்றன. டிஸ்னியின் 1991 ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ படத்தில் மிருகம் இளவரசனாக மாறிய காட்சியின் எதிரொலி. ஒளி அடங்குகிறது. அவள் பச்சை அரக்கியாகவே இருக்கிறாள். நான் அழகாகியிருக்க வேண்டுமே என்கிறாள். நீ அழகாகத்தான் இருக்கிறாய் என்கிறான் ஷ்ரெக். என் அக்கா மகன் என் பக்கம் திரும்பி, “அப்போ மந்திரம் வேலை செய்யலையா மாமா?” என்றான்.

நல்ல கேள்வி. மந்திரம் வேலை செய்தது. காதலின் உண்மை வடிவம் கிடைக்கும் என்று சாபத்திலேயே இருக்கிறது, அது கிடைத்தது. அதாவது முத்தம், சாப விமோசனம், கல்யாணம் என்ற இயந்திரம் அப்படியே ஓடுகிறது. உள்ளே போட்ட சரக்கு மட்டும்தான் மாறியிருக்கிறது. எது அழகு என்ற பதில் மாறியது. அழகுக்கும் காதலுக்கும் உள்ள முடிச்சு அவிழவில்லை.

இன்னும் தோண்டலாம். உருவத்தைப் பார்த்து எடைபோடாதே என்று சொல்லும் படம், ஃபார்குவாட்டின் குள்ள உருவத்தைப் படம் முழுக்கக் கிண்டல் செய்கிறது. கடைசியில் அரக்கனுக்கு அரக்கிதான் ஜோடி. இனத்துக்குள்ளேயே சம்பந்தம் முடிந்துவிடுகிறது. நிஜமாகவே பொருந்தாத ஜோடி கழுதையும் டிராகனும்தான். ஆண் வீரன் கொல்ல வேண்டிய பிராணி பெண்ணாகிக் காதலியாகிறது, வில்லனை விழுங்குவதும் அதுதான். படத்தின் துணிச்சலெல்லாம் கிளைக்கதையில் ஒளிந்திருக்கிறது என்பது என் கட்சி. நீங்கள் மறுக்கலாம்.

வெங்காயத்தையும் விட்டுவிடாதீர்கள். அரக்கர்கள் வெங்காயம் மாதிரி, அடுக்கு அடுக்காக இருப்பார்கள் என்று ஷ்ரெக் கழுதைக்கு விளக்குகிறான். இதைப் பின்நவீனத்துவத்துக்குச் சான்றாக எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைகீழான வாசிப்பு. ஜேம்சன் பின்நவீனத்தின் அடையாளமாகச் சொன்னது ஆழமின்மையை, மேற்பரப்பை. ஷ்ரெக்கோ, வெளித்தோலுக்கு அடியில் நிஜமான நான் ஒருவன் இருக்கிறேன் என்கிறான். பழைய, மிகப் பழைய நம்பிக்கை அது. வெங்காயத்தை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது, கண்ணில் தண்ணீர்தான் மிஞ்சும் என்பதைப் படம் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒப்பிட, வில்லியம் ஸ்டெய்க்கின் 1990ஆம் ஆண்டுப் படக்கதைப் புத்தகத்தைத் தேடிப் படியுங்கள். படத்துக்கு மூலம் அதுதான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஷ்ரெக்குக்கு உள்ளே அழுகையே இல்லை. தன் அசிங்கத்தில் அவனுக்கு அத்தனை பெருமை. குழந்தைகள் தன்னைக் கட்டிக்கொண்டு கொஞ்சுவதுபோல் வருவது அவனுக்குக் கெட்ட கனவு. ஃபார்குவாட், டியூலாக் எதுவும் அதில் கிடையாது. பகடி குறைவு, ஆனால் அழகு என்ற அளவுகோலையே தூக்கிப்போட்டதில் புத்தகம் படத்தைவிட ஒருபடி மேலே நிற்கிறது.

பிறகு, படத்துக்கு வெளியே நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2001 மே மாதம் வெளியானது. அதே ஆண்டு கான் விழாவின் போட்டிப் பிரிவில் இருந்தது. முழுநீள அனிமேஷன் படத்துக்கென ஆஸ்கர் தொடங்கிய முதல் விருதை 2002இல் வாங்கியது. 2003இல் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பொழுதுபோக்குப் பூங்காக்களில் ‘ஷ்ரெக் 4-டி’ காட்சி திறந்தது. டியூலாக்கின் கயிறு கட்டிய வரிசையைக் கேலி செய்த படத்தைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். போத்ரியார் இருந்தால் புன்னகைத்திருப்பார் என்று எழுத வாய் வரும். எழுதாதீர்கள், அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். 2007இல்தான் இறந்தார்.

படி 8: எழுத உட்காருங்கள்

‘பின்நவீனத்துவம் என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்…’ என்று தொடங்க வேண்டாம். ஒரு காட்சியோடு தொடங்குங்கள். கிழியும் பக்கத்தை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். உங்களுக்குக் கோபுரம் இருக்கிறது, மரப்பொம்மைகள் இருக்கின்றன.

காட்சிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். சிண்ட்ரெல்லாவிலிருந்து மூன்று எலிகள் வரை எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தால் மறுபடி பட்டியல்தான். ஒவ்வொன்றிலும் உங்கள் நோட்டின் மூன்றாவது பத்தி வாக்கியமாக வந்தே ஆக வேண்டும். ‘இக்காட்சியில் ஊடிழைப்பிரதித்தன்மை காணப்படுகிறது’ என்ற வகை வாக்கியம் எங்காவது தலைகாட்டினால் அடித்துவிட்டு, யார் எதைச் செய்கிறார்கள் என்று எழுதுங்கள். ‘கனவில் வந்த இளவரசனுக்காகப் பூங்கொத்தைச் சரிசெய்யும் ஃபியோனா, ஸ்லீப்பிங் பியூட்டியை நடிக்கிறாள், ஷ்ரெக் உலுக்கும்போது நடிப்பு கலைகிறது, ஆனால் அவள் அந்த நாடகத்தைக் கைவிடவில்லை, அவனிடம் கவிதை கேட்கிறாள்’ என்பதுபோல. கோட்பாட்டுச் சொல் அதற்குப் பிறகு வரட்டும், ஒரே ஒரு தடவை.

பாராட்டும் பத்திகளையும் சந்தேகிக்கும் பத்திகளையும் பாதிப்பாதியாகப் பிரித்து, நடுவில் ‘எனினும்’ போட்டு ஒட்டாதீர்கள். தேவாலயக் கதவை நடுவில் வையுங்கள். கேலியும் பணிவும் ஒரே காட்சியில் இருப்பதால் திருப்பம் தானாக நடக்கும்.

முடிப்பதற்கு முன் படத்தின் கடைசி நிமிடத்தை இன்னொருமுறை ஓட்டுங்கள். அந்தக் கதைப்புத்தகம் திரும்ப வருகிறது. அவர்கள் அசிங்கமாகவே என்றென்றும் வாழ்ந்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. பிறகு புத்தகம் மூடுகிறது. இந்தத் தடவை யாரும் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதைத் தோல்வி என்பீர்களா, சமரசம் என்பீர்களா, அல்லது கிழித்தவனுக்கே ஒரு கதை தேவைப்பட்டது என்பீர்களா என்பதுதான் உங்கள் கடைசிப் பத்தி.